சவரிராயன் ஊதிக் காட்டினான்

சவரிராயனுக்கு வாக்குக் கொடுப்பது பிடிக்காது. கொடுத்துவிட்டால் மாற்றத் தெரியாது. இந்த இரண்டாவது குணம்தான் அவனைக் கொன்றது என்று சொல்லலாம். ஆனால் அவன் சாகவில்லை. செத்திருந்தால் பாக்கியமேரி கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து அழுது முடித்திருப்பாள். இப்போது அதற்கும் வழியில்லை.

வளவனூரிலிருந்து விழுப்புரம் போகிற சாலையில் பாதி வழியில் இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே உள்ளே நடந்தால் ஒரு மாதா கோயிலும் அதை ஒட்டிக் கொஞ்சம் வீடுகளும் வரும். அதில் ஒன்று அவர்களுடையது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீடு, முன்னால் தகரம் இறக்கியது, பின்னால் தட்டுமுட்டுச் சாமான் போட ஒரு சின்ன அறை. சவரிராயன் கரும்பு வெட்டுகிறவன். ஆலை ஓட ஆரம்பித்தால் சித்திரை வரைக்கும் கத்தியும் கையுமாகத்தான் இருப்பான். பாக்கியமேரியும் ஒரு காலத்தில் அவனோடு ஜோடியாக வெட்டியவள்தான். முழங்கால் தேய்ந்துபோன பிறகு மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கிற மில்லில் சொத்தைப் பருப்பு பொறுக்கப் போனாள். ஒரே பெண் ஜெசி. விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

சவரிராயன் குடிகாரனாக இருந்தவன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வஞ்சனையில்லாமல் குடித்தான். காலையில் எழுந்தால் கை நடுங்கும், டீ கிளாஸ் நிற்காது. "கை நடுக்கம் நிக்க ஒரு வாய் ஊத்திக்கிறேன்" என்பான். அந்த ஒரு வாய் மத்தியானத்துக்குள் ஒரு பாட்டிலாகிவிடும். ஜெசி கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற புதுநன்மை அன்றைக்கு, வெள்ளைக் கவுன் போட்டுத் தலையில் பூமுடி வைத்துக்கொண்டு பிள்ளை நிற்க, கோயில் வாசலிலேயே புது வேட்டியோடு சாக்கடையில் விழுந்தான். பிள்ளை அழவில்லை. அப்பாவைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு விட்டான். ஒரு தடவை விட்டு, சில வருஷம் கழித்து ஒரு பொங்கலன்று சிநேகிதன் ஒருவன் "ஒரு வாய்தானே மச்சான்" என்று நீட்டியதில் மறுபடி விழுந்தான். இரண்டாவது தடவை அவனாகவே சாமியாரிடம் போய் முழங்காலில் நின்று, மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மாதாவுக்கு நேர்ந்துகொண்டான். அது ஏழு வருஷம் நின்றது. ஒரு வாய் என்று யார் சொன்னாலும் பாம்பைக் கண்டவன்போல விலகிப் போவான். அவன் படிக்காதவன். ஆனால் இந்த ஒரு பாடத்தை அவன் உடம்பே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

அப்போதிலிருந்து அந்த வீட்டில் ஒரு பழக்கம். வேலை முடிந்து வந்து, வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான். பாக்கியமேரி உள்ளேயிருந்து வந்து, "ஊது" என்பாள். அவள் முகத்துக்கு நேராக ஊதிக் காட்டுவான். முதல் வருஷம் அது போலீஸ்காரன் லாரியை நிறுத்துகிற மாதிரியான சோதனைதான். போகப்போக விளையாட்டாகிவிட்டது. அவள் மறந்தாலும் அவன் விடமாட்டான், அடுப்படிக்கே போய் ஊதிவிட்டு வருவான். "இன்னாம்மா இது, கலியாண வயசுல பொண்ண வச்சிக்கினு" என்று ஜெசி தலையில் அடித்துக்கொள்வாள். பாக்கியமேரிக்கு உள்ளூரச் சிரிப்பாக இருக்கும். அந்த வயதில், அந்தச் சின்ன வீட்டில், புருஷன் பெண்டாட்டி முகத்தருகே முகம் வைக்க வேறு என்ன சாக்கு இருக்கிறது?

இப்படி இருக்கையில்தான் சுகர் வந்தது. வெட்டின கரும்புக் கட்டை காலில் குத்தி, புண் ஆறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சுகர் என்றார்கள். சுகாதார நிலையத்திலிருந்து அஸ்வினி என்கிற பெண் வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். முதல் தடவை மாத்திரை கொடுத்தபோது, கொல்லைப்புறத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த சவரிராயனிடம் அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்கண்ணா. போட்டு அரை மணி நேரத்துல சாப்பிட்டுடணும். பட்டினி கெடக்கிற அன்னைக்குப் போடக் கூடாது. வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, பசி காந்துது, கண்ண இருட்டிக்கினு வருதுன்னா சுகர் இறங்குதுன்னு அர்த்தம். ஒடனே மூணு ஸ்பூன் சக்கரையோ ஒரு துண்டு வெல்லமோ வாயில போட்டுக்குங்க. கால் மணி நேரம் பாருங்க. தெளியலன்னா இன்னொரு தடவ போடுங்க. அப்பறம் சாப்பிடுங்க. வீட்லயும் சொல்லி வைங்க."

சவரிராயன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சிரித்தான். "ஏம்மா, குடிய விடச் சொன்ன சாமியாரு, கை நடுங்கினா மட்டும் ஒரு வாய் ஊத்திக்கன்னு சொல்லுவாரா?"

"அது வேற, இது வேறண்ணா."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. நான் பாக்காத கை நடுக்கமா?"

இந்தப் பேச்சு பாக்கியமேரிக்கு அப்போது தெரியாது. அவளிடம் அவன் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்று: "இனிமே நம்ம வூட்ல சக்கரை கூடாது." டீயில் சர்க்கரை நின்றது. பொங்கலுக்கு வெல்லம் நின்றது. குடியை எப்படி விட்டானோ அப்படியே இனிப்பையும் விட்டான். பாக்கியமேரிக்குப் பெருமைதான். நல்லவன் எடுத்த முடிவெல்லாம் நல்லதாகவே முடியும் என்று நினைக்கிற பைத்தியக்காரத்தனம் அவளுக்கு மட்டுமா இருந்தது?

கரும்பு வெட்டுகிறவர்களின் வேலை ஒழுங்கு வேறு மாதிரி. விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போய்க் கொல்லையில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒரு டிராக்டர் லோடு வெட்டிக் கட்டி ஏற்றிவிட்டுத்தான் கூழ்ச் சட்டியைத் திறப்பார்கள். அதற்குள் மணி பத்தரை பதினொன்றாகிவிடும். முன்பெல்லாம் அந்த இடைவெளியில் பசி தெரியாது. கை வெட்டும், வாய் கரும்பைக் கடித்துத் துப்பும். இப்போது சவரிராயன் கரும்பைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் எழுந்ததும் மாத்திரை போட்டுவிடுவான். சாப்பாட்டுக்கு முன்னால் என்றுதானே அந்தப் பெண் சொன்னாள்? சாப்பாடு பதினொரு மணிக்கு, மாத்திரை விடியற்காலையில். முன்னால்தான்! தினமும் வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்குகிற மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தலைக்கு மேல் கரும்பு நிற்கிற கொல்லைக்குள் ஒரு துண்டும் கடிக்காமல் வேலை செய்தான் அந்த மனுஷன்.

மார்கழியில் ஒருநாள் கொல்லையில் தள்ளாடினான். அந்தக் குளிரிலும் சட்டை நனைந்து ஒட்டிப்போயிருந்தது. நாக்குக் குழறியது. "இன்னா மாமா, இப்பிடி கோணலா வெட்டறீங்க" என்று கேட்ட கேங் மேஸ்திரி விருத்தாசலத்தைத் தாய், அக்காள் என்று இழுத்துத் திட்டினான். ஏழு வருஷமாக ஒரு கெட்ட வார்த்தை பேசாதவன். ஆட்கள் வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

"மாமா காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டாருடோய்!"

பிடித்துக்கொண்டுபோய் வரப்பில் உட்காரவைத்துக் கேப்பைக் கூழை மோரில் கரைத்துக் குடிக்கவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, ஒன்றும் நடக்காதவன்போல எழுந்துவந்து கத்தியை எடுத்தான். திட்டியதெல்லாம் அவனுக்கு நினைவே இல்லை. கூழ் குடித்தால் போதை இறங்கும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆகவே அது போதைதான் என்று தீர்ப்பாகிவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள் என்பது பழமொழி. சவரிராயன் பனைமரத்தடியிலும் உட்காரவில்லை, பாலையும் குடிக்கவில்லை. பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலை செய்தவனுக்குத்தான் இந்தப் பட்டம்.

விருத்தாசலம் ரேஷன் கடையில் வைத்துப் பாக்கியமேரியிடம் சொல்லிவிட்டான். "அக்கா, மாமா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு. கத்தி புடிக்கிற கை, பாத்துக்குங்க."

அன்று சாயந்திரம் அவள் இரண்டு தடவை ஊதச் சொன்னாள். வெறும் காற்றுதான் வந்தது. "மேரி, மாதா மேல சத்தியமா நான் தொடல. எனக்கு என்னவோ பண்ணுது, வேர்த்துக்கினு மயக்கமா வருது, அவ்ளோதான்" என்றான். அவள் நம்பினாள். மறுநாள் மில்லில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்: "நீ எந்த ஒலகத்துல இருக்கற மேரி? இப்பல்லாம் வாசனையே வராத சரக்கு வந்துடுச்சு. தண்ணி மாதிரி வெள்ளையா இருக்குமாம். ஊதிப் பாத்துக் கண்டுபுடிப்பியா நீ?"

அந்த வார்த்தை பாக்கியமேரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகும் அவன் வாசலில் நின்று ஊதினான். அவளும் முகத்தைக் காட்டினாள். ஆனால் அந்த மூச்சில் இப்போது எந்தச் சாட்சியும் இல்லை. வாசனை வந்தாலும் குடி, வராவிட்டாலும் குடி.

இந்த நேரம் பார்த்துத்தான் ஜெசிக்குத் திண்டிவனத்து வரன் கூடிவந்தது. பையன் பெயர் வளன், டூவீலர் மெக்கானிக். அவனுடைய அம்மா சவுரியம்மாளின் புருஷன் குடித்துக் குடித்தே செத்தவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அந்த அம்மாள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்: "நகை நட்டு எதுவும் கேக்கலம்மா. குடிக்கிற வூட்ல மட்டும் பொண்ணு எடுக்க மாட்டேன். நான் பட்டது போதும்."

"ஏழு வருஷமா தொடலங்க. நான் சொல்றன் இல்ல?" என்றாள் பாக்கியமேரி. சொல்லிவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்க்காமல் காபி டம்ளர்களைப் பொறுக்கினாள். அன்று ராத்திரி புருஷனிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். "கலியாணம் முடியறவரைக்குமாவது மானத்தக் காப்பாத்துய்யா." சவரிராயன் கழுத்து உத்தரியத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் நம்பவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று பூசையில் அறிவிக்கிற கலியாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலை வாசிக்கிற ஞாயிறு பூசைக்கு, திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். பூசை முடிந்து பெண் வீட்டில் கறிச்சோறு. சவரிராயன் கோழி கூவும்போதே எழுந்து பந்தல் கால் நட்டான், நாற்காலி இறக்கினான், குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தான். வழக்கம்போல எழுந்ததும் மாத்திரை. நற்கருணை வாங்குகிற நாளாதலால் வாயில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் படவில்லை. பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னால் நிறுத்தினால் போதும் என்று கோயில் சட்டம் எப்போதோ தளர்ந்துவிட்டது. அவன் தளர்த்தவில்லை. முதல் நாள் ராத்திரியே சந்தோஷத்தில் சரியாகச் சாப்பிடாதவன், காலையிலும் வெறும் வயிறு. "ஒரு வாய் காபியாவது குடிங்கப்பா" என்று ஜெசி சொன்னதற்கு, "ஒன் ஓலைக்கு நன்மை வாங்காம இருப்பனா?" என்றான். அவன் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

நற்கருணைக்கு வரிசை நகர்ந்தது. பாக்கியமேரி பெண்கள் பக்கமிருந்து பார்த்தாள். அவன் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுகிறது. காலைத் தேய்த்துத் தேய்த்து வைக்கிறான். முன்னால் நின்றவன் முதுகில் போய் மோதுகிறான். சாமியார் அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். ஆமென் சொல்லவேண்டிய வாய் இளித்தது. பிறகு, கொல்லையில் விருத்தாசலத்தைத் திட்டிய அதே வார்த்தை, பீடத்துக்கு முன்னால், கணீரென்று வந்தது.

பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். சாமியார் கையைக் கீழே இறக்கிவிட்டார். "வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க" என்று மெதுவாகச் சொன்னார். திண்டிவனத்து வரிசையில் சவுரியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் எல்லோரும் போனார்கள். வளன் மட்டும் ஜெசியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

இரண்டு பேர் கைத்தாங்கலாக இழுத்துவந்து சவரிராயனை வீட்டில் விட்டார்கள். பாக்கியமேரிக்குக் கண் மண் தெரியவில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றினாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டு வாயில் புகட்டினாள். பாதி மார்பில் வழிந்தது. அவன் கை காற்றில் எதையோ தேடித் துழாவியது.

"அம்மா, அப்பாவுக்கு ரொம்ப நடுங்குது. பந்தல்ல காபிக்கு வாங்கின சக்கரை இருக்குது, கொஞ்சம் போட்டுக் கலக்கட்டுமா?" என்றாள் ஜெசி.

"சுகர்காரனுக்குச் சக்கரையா? குடிச்சது போதாதுன்னு அதுல வேற சாகணுமா? போடி அந்தாண்ட!"

காப்பாற்ற வந்த கை அது. தட்டிவிட்டது பெற்றவளின் கை. இரண்டுமே அவன்மேல் அக்கறையில்தான் நீண்டன.

சவரிராயன் சுவரைப் பிடித்துக்கொண்டு எப்படியோ எழுந்து அவள் முன்னால் வந்தான். உதட்டைக் குவித்தான். பேச்சு வராத அந்த நிலையிலும் அவனுக்கு அது ஒன்று மட்டும் நினைவிருந்தது. அவள் முகத்துக்கு நேராக ஊத வந்தான்.

பாக்கியமேரி அவன் மோவாயில் கையை வைத்துத் தள்ளினாள். "ஊதாத. நீ ஊதினதெல்லாம் போதும். எம்பொண்ணு வாழ்க்கைல மண்ணப் போட்டுட்டு ஊதறியா?"

பின்னறையில் தள்ளி, தெளிகிறவரை கிடக்கட்டும் என்று வெளியே தாழ்ப்பாள் போட்டாள். ஜெசியை இழுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் ஓடினாள். வேன் போய்விட்டிருந்தது. பஸ் பிடித்துத் திண்டிவனத்துக்கே போனாள். சவுரியம்மாள் கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. "உங்கமேல கோவம் இல்லம்மா. எம்புள்ளைக்கு இன்னொரு குடிகார வூடு வேணாம்." அவ்வளவுதான். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவும் பெண்ணும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பந்தலில் கறிச்சோறு மூடியபடி கிடந்தது. பின்னறையிலிருந்து குறட்டைச் சத்தம். போதைத் தூக்கம் என்று பாக்கியமேரி வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெசிதான் தாழைத் திறந்தாள். சவரிராயன் வாயோரம் நுரை தள்ளிக் கிடந்தான். இடது கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. எத்தனை உலுக்கியும் கண் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "என்னம்மா ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார். முந்திக்கொண்டு பாக்கியமேரி சொன்னாள்: "குடிச்சிட்டாரு சார்." டாக்டர் குனிந்து அவன் வாயருகே மூக்கை வைத்தார். "வாசனை ஒண்ணும் இல்லையே. சுகர் மாத்திரை சாப்பிடறாரா? காலையில என்ன சாப்பிட்டாரு?" என்றார். ஜெசி, "ஒண்ணும் சாப்பிடல சார், மாத்திரை மட்டுந்தான்" என்றாள். அதற்குள் நர்ஸ் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன மெஷினில் வைத்திருந்தாள். எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தாம். அதில் இருபத்தாறு என்று காட்டியது.

மளமளவென்று நரம்பில் ஊசி ஏற்றி குளுக்கோஸைத் தள்ளினார்கள். "குடி இல்லம்மா இது. சுகர் அடியோட இறங்கிடுச்சு. பாக்கறதுக்குக் குடிச்ச மாதிரியேதான் இருக்கும். தள்ளாடுவாங்க, உளறுவாங்க, அசிங்கமாத் திட்டுவாங்க. அவங்களுக்கே தெரியாது" என்றார் டாக்டர். பாக்கியமேரி டாக்டரை மறித்து நின்றாள். "ஊசி போட்டாச்சு இல்ல சார்? எழுந்துடுவாரு இல்ல?" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்த ஒரு அம்மாள். அவளுக்கும் இதே கதைதான். காய்ச்சலில் சாப்பிடாமல் மாத்திரை போட்டுக்கொண்டு மயங்கிவிட்டாள். மகன் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே பைக்கில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவளுக்கும் அதே குளுக்கோஸைத்தான் ஏற்றினார்கள். பாக்கியமேரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்து, "இது எந்த ஊருடா, காபி வாங்கினு வா" என்றாள். பாக்கியமேரி சவரிராயன் பக்கம் திரும்பினாள். இனி இவரும் எழுவார் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மெஷினில் எண் நூற்றைத் தாண்டியது. அவன் எழவில்லை.

"உடம்புக்குச் சாப்பாடு இல்லன்னா கொழுப்பை எடுத்து எரிச்சுக்கும்மா. மூளைக்கு அப்படி முடியாது. அதுக்குச் சக்கரைதான் சோறு. ரொம்ப நேரம் பட்டினி போட்டாச்சு" என்றார் டாக்டர் மறுநாள். கிட்னியும் கொஞ்சம் தளர்ந்திருந்ததால் மாத்திரை உடம்பைவிட்டு இறங்காமல் தங்கிவிட்டது, எண் ஏறி ஏறி மறுபடி இறங்கியது. "முன்னாடியே கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தினால் என்ன? மீதியை அவள் தனக்குத்தானே தினமும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறாள்.

கண் திறக்கப் பல நாளாயிற்று. திறந்தும் யாரையும் தெரியவில்லை. ஊட்டினால் விழுங்குவான். பிடித்து உட்காரவைத்தால் உட்காருவான். வலது கை மட்டும் சும்மா இராமல் போர்வையில் இல்லாத கரும்பைத் தோகை கழித்துக்கொண்டே இருக்கும். அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அஸ்வினி பார்க்க வந்தாள். அப்போதுதான் அந்தக் கொல்லைப்புறப் பேச்சு வெளியே வந்தது. "சக்கரை வாயில போட்டுக்கணும்னு அண்ணன்கிட்ட சொன்னேனேக்கா. ஒங்ககிட்ட சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண்ணே அழுதுவிட்டாள். பாக்கியமேரி அழவில்லை. இப்போது அவள் இடுப்புச் சுருக்குப் பையில் வெல்லக்கட்டி இருக்கிறது. அலமாரியில், தலைமாட்டில், அடுப்படியில் என்று வீடு முழுக்கச் சர்க்கரை டப்பாக்கள். எறும்பு மொய்க்கிறது. யாருக்கு என்று கேட்டால் எறும்பைத் தட்டிவிட்டு டப்பாவை மூடுகிறாள்.

ஊரில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். அவர் குடிக்கவில்லை, சுகர் இறங்கிப்போனது, டாக்டரே சொன்னார் என்று. விருத்தாசலம் பொறுமையாகக் கேட்டான். "சுகர் ஏறினாத்தானக்கா ஆபத்து? இறங்கினா நல்லதுதான? எங்க அத்தைக்கு இறங்க மாட்டேங்குதுன்னு அழுவுறாங்க" என்றான். பிறகு தணிந்த குரலில், "உடுங்கக்கா. குடிச்சுக் குடிச்சு மூளை பூடுச்சு, பாவம். நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்" என்றான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்த ஊர் வாய் இரக்கப்பட்டுக்கொண்டே பேசியது. அதை என்ன செய்வது? ஏழு வருஷம் அவன் கட்டிக்காத்த பெயரை ஒரே காலையில் உடைத்தாயிற்று. உடைத்தவர்களில் முதல் ஆள் தான்தான் என்பது அவளுக்குத் தெரியும். இப்போது அவள் சொல்கிற சாட்சியை எவன் எடுப்பான்?

சவுரியம்மாளுக்கும் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள். வளனுக்குச் செங்கல்பட்டில் பெண் முடிவாகிவிட்டதாகப் பதில் வந்தது. ஜெசி அம்மாவை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. காலையில் துணிக்கடைக்குப் போகிறாள், இருட்டியதும் வந்து அப்பாவுக்குத் தலை வாரிவிடுகிறாள். அம்மாவைத் தாண்டிக்கொண்டு போய்த் தானே தண்ணீர் மொண்டு குடிக்கிறாள்.

நேற்றுச் சாயந்திரம் பாக்கியமேரி மில்லிலிருந்து வந்தாள். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துக் கேப்பைக் கஞ்சி புகட்டினாள். கடைசி வாய் கடைவாயில் வழிந்தது. துடைப்பதற்காக முந்தானையை எடுத்துக்கொண்டு முகத்துக்கு அருகே குனிந்தாள்.

சவரிராயன் உதட்டைக் குவித்தான். அவள் முகத்துக்கு நேராக ஊதினான்.

பாக்கியமேரி அப்படியே நின்றாள். கஞ்சி வாசனை வந்தது. வேறொன்றும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

"குடிக்கலய்யா நீ" என்றாள். "எனக்குத் தெரியும்யா. நீ குடிக்கல."

அவன் கண்ணில் அவள் இல்லை. அவள் சொன்னது எங்கும் போய்ச் சேரவில்லை. ஊதியது போதவில்லையோ என்று நினைத்தவன்போல மறுபடியும் உதட்டைக் குவித்து, இன்னும் பலமாக ஊதிக் காட்டினான்.